வேறு பெட்டியில் விழுந்த கடிதங்கள்

2008 மே 26, திங்கள்

காலையிலிருந்து மழை. கடை முதலாளி மக்கீன் நானா புது வேலை ஒன்று பிடித்து வந்தார். கண்டியில் கைதானவர்களுக்காக வழக்குப் பேசும் சட்ட உதவிக் கந்தோர். நடத்துவது மங்களேஸ்வரி மிஸ், யாழ்ப்பாணத்து லோயர். இவ்வளவு நாளும் அவர்களுடைய இணையத்தளத்தை வைத்திருந்த கொழும்புக் கம்பனி, ஒரு மாதத்துக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டதாம். காரணம் எழுதவில்லை. பயம்தான், வேறென்ன.

மின்னஞ்சல் அந்தக் கம்பனியில் இல்லை. அது வெளிநாட்டில் வேறொருவரிடம். தளத்தின் பெயர் ஒன்று, வீடு இரண்டு. பக்கம் பார்க்க வருபவரை ஒரு வீட்டுக்கும் கடிதத்தை மற்ற வீட்டுக்கும் அனுப்பச் சொல்லி அந்தப் பெயருக்குக் கீழே சில வரிகள் எழுதியிருக்கும். அவற்றை ரெக்கோட் என்போம். எனக்குப் பழகின வேலை. இந்தக் கட்டுகஸ்தோட்டைக் கடையில் ஐந்து வருடமாக ஹோட்டல்களுக்கும் டியூட்டரி வகுப்புகளுக்கும் செய்துகொடுப்பதுதான்.

மிஸ் போனில் ஒன்றையே இரண்டு தடவை சொன்னார். “மெயிலிலை மட்டும் கை வையாதேங்கோ பிள்ளை. சனம் எங்களோடை தொடர்பு கொள்ளுறது அதாலைதான்.”

“அது அப்படியே இருக்குங்க மிஸ்,” என்றேன்.

2008 யூன் 5, வியாழன்

பக்கம் புது இடத்தில் எழும்பிவிட்டது. வரி வரியாக மாற்றுவதற்கு நேரமில்லை என்று, ரெக்கோட்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முழுவதையும் புதுக் கம்பனிக்கே மாற்றிவிட்டேன். ஐந்தரை பஸ் போய்விடும்.

நானா சாவிக்கொத்தோடு எட்டிப் பார்த்தார். “பக்கம் வருதா புள்ள?”

“வருது நானா.”

“அப்ப சரி, பொறகென்ன. பூட்டுவம்.”

2008 யூன் 6, வெள்ளி

நித்திரை வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பின்னேரம் கடைக் கண்ணாடி ஒரு தடவை அதிர்ந்தது. பொல்கொல்லையில் பஸ்ஸில் குண்டு. காலையில் மொரட்டுவைப் பக்கம் ஒன்று, இது இரண்டாவது. நானா ஷட்டரைப் பாதி இறக்கினார். “நெத்திப் பொட்ட அழி புள்ள,” என்றார். புறங்கையால் அழித்தேன். வெளியே ஓட்டம், ஹோர்ன், யாரோ ஒரு பெண் தன் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே போனாள்.

நான் மஹியாவைக்கு வந்து சேர்ந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. என் புருஷன் இராமகிருஷ்ணன் ஏழு மணிக்குத்தான் வந்தார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் கொத்து ரொட்டி போடும் மனுஷன், சமையல் ஏப்ரனோடேயே வந்தார். ஏப்ரன் முன்பக்கம் முழுக்க ரத்தம். யாரோ பெயர் கேட்டிருக்கிறார்கள். இவர் சொல்லியிருக்கிறார். பலகையால் காதோடு சேர்த்து அடித்திருக்கிறார்கள். விழுந்த பிறகு மிதித்திருக்கிறார்கள். அதில் ஒருத்தன் தினமும் இவரிடம் பரோட்டா வாங்குகிறவன்.

நான் பேசுவது அவருக்கு வலப் பக்கம் கேட்கவில்லை.

2008 யூன் 7, சனி

பேராதனை ஆஸ்பத்திரி. காதுச் சவ்வு கிழிந்து போயிற்று. பக்கத்துக் கட்டிலில் குண்டில் அகப்பட்ட பஸ்ஸில் இருந்த சிங்களக் கிழவர், முகம் முழுக்கக் கட்டு. அவருடைய மகள் எங்களைப் பார்த்தாள். நாங்கள் எந்த ஊர் என்று கேட்கவில்லை. தன் போத்தலிலிருந்து இவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

2008 யூன் 8, ஞாயிறு

எங்கள் வரிசை வீடுகளில் நான்கு ஆம்பிளைகளைப் பொலிஸ் ட்ரக்கில் ஏற்றிப் போனார்கள். இவர் காதுக் கட்டைக் காட்டினார். விட்டுவிட்டார்கள்.

2008 யூன் 9, திங்கள்

பத்து மணிக்கு மங்களேஸ்வரி மிஸ் போன் எடுத்தார்.

“பிள்ளை, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எங்களுக்கு ஒரு மெயில் கூட வரேல்லை. முதல் சனம் பயத்திலை எழுதேல்லை எண்டு நினைச்சன். குண்டு வெடிச்சு மூண்டு நாள். ஒண்டுகூட வராமல் இருக்குமோ?”

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பார்க்க முன்னமே தெரிந்துவிட்டது.

புதுக் கம்பனி எல்லாப் பொறுப்பையும் எடுத்தபோது, கடிதத்துக்கான வரியிலும் தன்னுடைய விலாசத்தையே எழுதிக்கொண்டுவிட்டது. அதன் வழக்கம் அது. பழைய வரியைப் பார்த்து நான் திரும்ப எழுதியிருக்க வேண்டும். ஒரு வரி. ஒரு நிமிட வேலை. பக்கம் வருதா என்று பார்த்தேன், கடிதம் போகுதா என்று பார்க்கவில்லை.

வரியைச் சரிசெய்தேன். ஆனால் ஊரெல்லாம் உள்ள சேர்வர்கள் பிழையான விலாசத்தை ஒரு நாள் வரை ஞாபகத்தில் வைத்திருக்கும். அதை யாராலும் அழிக்க முடியாது. பிறகு புதுக் கம்பனியின் பெட்டியைத் திறந்தேன். விலாசம் தெரியாமல் வரும் கடிதமெல்லாம் விழுகிற பெட்டி. யாரும் ஒருநாளும் திறக்காதது.

நாற்பத்தொன்று.

‘என் தம்பியை மாத்தளை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள்.’ ‘மகன் வீடு வரவில்லை, செருப்பு மட்டும் ரோட்டில் கிடந்தது.’ ‘மிஸ், தயவு செய்து இன்றைக்கே.’ பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ், காசு கொடுத்து இன்டர்நெட் பார்க்கும் கொமியூனிகேஷன் கடைகளிலிருந்து.

ஒன்று சனிக்கிழமை காலை எட்டு ஐம்பத்திரண்டுக்கு வந்தது. எழுதியவர் தெய்வானை, கலஹாப் பக்கத்துத் தோட்டம். ‘என் புருஷன் ராஜரத்தினம், தோட்டப் பாடசாலை டீச்சர். நேத்து ஆறரைக்கு வீட்டுல வந்து அடிச்சு இழுத்துட்டுப் போனாங்க. எந்த ஸ்டேஷன்னு ஜீப் ட்ரைவர் சொன்னாரு. உங்க கந்தோர் போனுக்குப் பத்து வாட்டி எடுத்தேன், பதிலில்ல. லோயர் ஒருத்தர் வந்து பேரைக் கேட்டா அடிய நிப்பாட்டுவாங்கன்னு சொல்றாங்க. இத அனுப்பிட்டுத் திரும்ப ஸ்டேஷன் வாசல்ல போய் நிக்கிறேன். சத்தம் வெளிய கேக்குது.’

அந்த ஸ்டேஷனின் பெயரும் இருந்தது. நான் போனில் மிஸ்ஸுக்கு வாசித்தேன். பாதியில் என்னால் முடியவில்லை. நானா போனை வாங்கி மிச்சத்தை வாசித்தார்.

“ஏன் இது நடந்தது?” என்று மிஸ் கேட்டதற்கு நான் சொன்னது: “சேர்வர் பிழைங்க மிஸ்.”

2008 யூன் 10, செவ்வாய்

அந்த ஸ்டேஷனில் அப்படி ஒரு ஆளே இல்லை என்று மிஸ்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தெய்வானை இன்னும் வாசலில்தான் நிற்கிறாராம்.

சேர்வர் பிழை! சேர்வருக்கு வாயிருந்தால் என்ன சொல்லும்?

2008 யூன் 12, வியாழன்

ராஜரத்தினத்தை நீதவான் முன்னால் கொண்டுவந்தார்கள். மிஸ் பார்த்துவிட்டு நேரே கடைக்கு வந்தார். கதிரையில் உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

“கதிரைக் காலை அந்தாளின்ரை விரலுக்கு மேலை வைச்சு, அதிலை ஒருத்தன் ஏறி இருந்தவனாம். வலக்கை. நாலு விரல். பிறகு சிங்களத்திலை எழுதின கடதாசியிலை இடக்கையாலை ஒப்பம் வாங்கியிருக்கிறாங்கள்.”

நானா வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்.

பொலிஸ் சொல்வது இதுதான்: திங்கட்கிழமை காலை ரோட்டில் வைத்துப் பிடித்தார்களாம். பையில் வெடிமருந்து இருந்ததாம். அவராகவே எல்லாம் ஒப்புக்கொண்டாராம். வெள்ளிக்கிழமை பிடித்ததாக எந்தப் புத்தகத்திலும் இல்லை. சனி, ஞாயிறு அந்த மனுஷன் எங்கேயும் இல்லை.

மூன்று நாள் அவரை எழுத்தில் இல்லாமல் வைத்திருந்திருக்கிறார்கள். அந்த மூன்று நாளும் அவர் எங்கே இருந்தார் என்று எழுதிய ஒரே கடதாசி என் பெட்டியில் கிடந்தது.

2008 யூன் 14, சனி

மிஸ்ஸின் கந்தோருக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். சேர்வர் இல்லை, நான்தான். எந்த வரி, எத்தனை மணி, ஏன் பார்க்கவில்லை, ஐந்தரை பஸ் வரைக்கும் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “சனிக்கிழமை ஒன்பது மணிக்கு நான் வீட்டிலை இருந்தனான்,” என்றார். “கார் வாசலிலை நிண்டது. முக்கால் மணித்தியாலத்திலை போயிருப்பன்.”

நான் அழுதேன். அவர் அழுது முடியும்வரை விட்டார். பிறகு கேட்டார்:

“உதைக் கோட்டிலை, நீதிபதிக்கு முன்னாலை, வந்து சொல்லுவியளோ?”

எனக்கு விளங்கவில்லை. விளக்கினார். கடிதம் சனிக்கிழமை வந்தது என்று காட்டினால், திங்கட்கிழமைதான் பிடித்தோம் என்பது பொய்யாகும். ஆனால் அவர்கள் கேட்பார்கள்: சனிக்கிழமை வந்திருந்தால் லோயர் ஏன் இரண்டு நாள் சும்மா இருந்தார்? பிறகு உட்கார்ந்து செய்த கடிதம்தானே? அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருத்திதான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பஸ்ஸுக்குக்கூடப் போகவில்லை, படியிலிருந்தே திரும்பிப் போய், கோட்டுக்கு வருகிறேன் என்று சொன்னேன். அது தைரியம் இல்லை. வீட்டுக்குப் போனால் இல்லை என்று சொல்லிவிடுவேன் என்று தெரியும்.

2008 யூலை 3

சத்தியக் கடதாசி எழுதிக் கையெழுத்து வைத்தேன். கடிதம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு எத்தனை மணிக்குப் போனது என்று அதன் தலைப்பிலேயே பதிந்திருக்கும். அதையும் அச்செடுத்துச் சேர்த்தோம். புதுக் கம்பனியும் தன் பதிவைக் கடிதமாகத் தந்துவிட்டது. பிழையைச் செய்தவர் என்ற இடத்தில் என் முழுப் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம்.

இவருக்குச் சொன்னேன். இடக் காதுப் பக்கம் உட்கார்ந்து சொன்னேன். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்.

2009 பெப்ரவரி 10

ஏழு மாதமாக ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன்.

மத்தியானம் கடைக்கு இரண்டு பேர் வந்தார்கள். சிவில் உடை, நல்ல சப்பாத்து. எந்தப் பிரிவு என்று சொல்லவில்லை, நாங்கள் கேட்கவில்லை. ஒருவர் அழகான தமிழில் பேசினார். என் சத்தியக் கடதாசியின் பிரதி கையில் இருந்தது.

“கெட்டிக்காரப் பொண்ணு நீங்க. போன வருஷம் ஒரு பிழை விட்டீங்க இல்லையா? அதே பிழைய இன்னொரு தடவை விடணும். ஒரு கிழமை போதும். அந்தப் பெட்டியோட பாஸ்வேர்டை எங்கிட்ட குடுத்துடுங்க. யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டாங்க. பிழை விடுற ஆள்னுதான் நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே.”

வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

வீட்டில் சொன்னேன். இவர் சொன்னார்: “மாத்திக் குடுத்துடு சந்திரிகா. எனக்கு ஒரு காதுதான் மிச்சம்.”

2009 பெப்ரவரி 11

இன்று அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடிதத்துக்கான வரி. அழித்து எழுத ஒரு நிமிடம். யாருக்கும் தெரியாது. மிஸ்ஸுக்கு ஒரு கிழமை கடிதம் குறையும். ஒரு கிழமையில் எத்தனை தெய்வானை எழுதுவாள்? எழுதுகிறவளுடைய பெயரும் விலாசமும் யார் கைக்குப் போகும்? அவள் யாரிடம் முறையிடுகிறாளோ அதற்கு முன்னால், யாரைப் பற்றி முறையிடுகிறாளோ அவனே வாசிப்பான்.

மாற்ற மாட்டேன் என்று சொல்வது சுலபம். அடிச்சா? விரல்ல கதிரைய வச்சா? நான் மாத்திருவேன். எனக்கு என்னைத் தெரியும்.

மிஸ்ஸைக் கூப்பிட்டேன். கடைக்கு வந்தார். தளப் பெயரின் பொறுப்பு முழுவதையும் அவர் பேருக்கு மாற்றினேன். கடவுச்சொல்லை அவர் அடிக்கும்போது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இனி நான் நினைத்தாலும் முடியாது.

நானாவிடம் சொன்னோம். “நல்லது,” என்றார். ஷட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

2009 பெப்ரவரி 13, வெள்ளி

கடவுச்சொல் இப்போது என்னிடம் இல்லை என்று நான் சொன்னதை அவர்கள் நம்பினார்கள். அதுதான் கொடுமை. நம்பிவிட்டு, “சரி, பரவாயில்லை,” என்று சொல்லிவிட்டு அந்தத் தமிழ் பேசுகிறவர் வெளியே போனார். ஹெல்மெட் போட்ட மூன்று பேர் உள்ளே வந்தார்கள். பட்டப்பகல். எதிரே பேக்கரியில் ஆட்கள் பனிஸ் வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

இரும்புக் குழாய். முதலில் மொனிட்டர்கள். பிறகு நானா, “ஏய் ஏய், அந்தப் புள்ளைய விடுங்க,” என்று எனக்கு முன்னால் கையை நீட்டினார். நீட்டின கையிலேயே போட்டார்கள். எலும்பு முறிகிற சத்தம் பென்சில் முறிகிற மாதிரி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. விழுந்த பிறகும் அதே கையில் இரண்டு தடவை. என் தலைமயிரைப் பிடித்து மேசையில் மோதினான் ஒருத்தன். முன்பல் ஒன்று போய்விட்டது. உதட்டில் நாலு தையல்.

எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது என்றுதான் கத்தினேன். உண்மையைத்தான் கத்தினேன். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

என் புத்திசாலித்தனம் என்னைக் காப்பாற்றிவிட்டு நானாவின் கையை உடைத்துப் போட்டது.

2009 பெப்ரவரி 20

மடவளைக்குப் போனேன், நானாவின் வீட்டுக்கு. அவருடைய மனைவி றம்லத் மாமி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வரவில்லை.

நானாவின் கையில் இரும்புத் தகடு வைத்திருக்கிறார்கள். “கோட்டுக்குப் போவியா?” என்று கேட்டார். போவேன் என்றேன். “போ. போகாட்டி இந்தக் கை சும்மா போன மாதிரி.” பிறகு சொன்னார்: “ஆனா இனி கடைக்கி வராத புள்ள. கோவிக்காத. எனக்கு மூணு பொம்புளப் புள்ள ஈக்கி.”

நான் கோபிக்கவில்லை. கோபிக்க எனக்கு என்ன உரிமை?

2009 மார்ச் 17, செவ்வாய்

அந்த ஒப்புதல் வாக்குமூலம் தானாகக் கொடுத்ததா, அடித்து வாங்கியதா என்ற விசாரணை. காலை பத்து மணியிலிருந்து சாட்சிக் கூண்டில் நின்றேன். பல் இல்லாத இடத்தில் காற்று போகிறது. சிங்களத்தில் பேசினேன், இரண்டு இடத்தில் மட்டும் மொழிபெயர்ப்பாளர்.

அரச தரப்பு லோயர் சிரித்துக்கொண்டே கேட்டார். “ஒரே பெயருக்கு வந்த கடிதம் எப்படி இரண்டு வீட்டுக்குப் போகும்?”

சொன்னேன். பக்கத்துக்கு ஒரு வரி, கடிதத்துக்கு ஒரு வரி. இரண்டும் இரண்டு கம்பனிக்குப் போக வேண்டும். நான் இரண்டையும் ஒன்றுக்கே அனுப்பிவிட்டேன்.

“அப்படியானால் உங்களுக்கு உங்கள் தொழில் தெரியாது.”

“அன்றைக்கு நான் பார்க்கவில்லை, சேர்.”

“ஒரு குற்றவாளியைக் காப்பாற்ற உங்கள் மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிறீர்கள்.”

நீதிபதி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். என்னிடம் கேட்டார்: “திங்கட்கிழமை வரை அந்தப் பெட்டியை யார் யார் திறந்தார்கள்?”

“யாருமில்லை. திறந்திருந்தால் அந்த மனுஷன் தப்பியிருப்பார்.”

மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. என் வாயிலிருந்து சிங்களத்திலேயே வந்தது. நீதிபதி குனிந்து நிறைய நேரம் எழுதினார்.

ராஜரத்தினத்தை முதல் தடவையாகப் பார்த்தேன். ஒல்லியான ஆள், நரை. வலக்கையை இடக்கையால் மூடிக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

வெளியே வந்தால் எதிர்ப் பக்கம் இராமகிருஷ்ணன். வேலைக்குப் போகாமல் காலையிலிருந்து வெயிலில் நின்றிருக்கிறார். என் பையை வாங்கிக்கொண்டு நடந்தார்.

2009 மே 19, செவ்வாய்

யுத்தம் முடிந்துவிட்டதாம். டவுன் முழுக்க வெடி, கொடி. பஸ்ஸை மறித்து எல்லாருக்கும் பாற்சோறு கொடுத்தார்கள். என் கையிலும் ஒரு துண்டு. எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். தின்றேன். பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா தின்னும்போது கண்ணீர் வழிந்தது. “புரையேறிப் போச்சு,” என்று அவராகவே எல்லாரிடமும் சொன்னார்.

2009 செப்டெம்பர் 22

மிஸ் போன் எடுத்தார். ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிபதி தள்ளிவிட்டார். கைது செய்த நாள் பற்றிப் பொலிஸ் சொன்னதை நம்ப முடியாது என்று எழுதியிருக்கிறாராம். அந்தக் கடதாசி போனால் அவர்களிடம் வேறு ஒன்றுமில்லை.

சந்தோஷப்பட வேண்டும். அரிசி கழுவிக்கொண்டிருந்தேன், தொடர்ந்து கழுவினேன்.

2009 நவம்பர் 6, வெள்ளி

போகம்பறைச் சிறை வாசலுக்கு மிஸ்ஸோடு போனேன். தெய்வானையும் வந்திருந்தார், சலவை செய்த சேட் ஒன்றைப் பத்திரிகையில் சுற்றிக்கொண்டு. பதினொரு மணிக்கு ராஜரத்தினம் வெளியே வந்தார். தெய்வானை அவரைத் தொடவில்லை. சேட்டைப் பிரித்து, நின்ற இடத்திலேயே அவருக்குப் போட்டுவிட்டு, ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டினார்.

அவர்கள் வான் வண்டியில் ஏற முன் நான் சொல்லிவிட்டேன். மிஸ் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். கேட்கவில்லை. உங்க சம்சாரம் எழுதின கடிதம் மூணு நாள் கிடந்தது என்னாலதான் சார். நீங்க கோட்டில கேட்டிருப்பீங்க. ஆனா நான் உங்ககிட்ட சொல்லல.

அவர் என்னைப் பார்த்தார். டீச்சர் பார்க்கிற பார்வை, பிள்ளை சொன்னதில் எங்கே பிழை என்று தேடுகிற மாதிரி.

“மூணு நாள்னு சொல்லாதம்மா,” என்றார். “வெள்ளி, சனி வெறும் அடிதான். ஞாயித்துக்கிழமதான் விரல்.”

நான் தலையை ஆட்டினேன். சனி ஒன்பது மணி. முக்கால் மணித்தியாலம். கணக்கு எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

தெய்வானை வானுக்குள்ளே பையை அடுக்கிக்கொண்டிருந்தார். ராஜரத்தினத்தின் இடக்கையில் மிஸ் கொடுத்த தண்ணீர்ப் போத்தல். அதைப் பார்த்தார், வலக்கையைப் பார்த்தார், பிறகு என்னிடம் நீட்டினார்.

“இதத் தொறந்து குடும்மா.”

திறந்தேன். அவர் வாங்கவில்லை, வாயைத் திறந்தார். நான் பிடித்துக்கொண்டேன். முழுப் போத்தலையும் என் கையிலிருந்தே குடித்து முடித்தார்.